இறக்கத்தில் ஒரு சக்கர வீடு

சாவியைக் கொடு என்று கன்னையா கேட்கவில்லை. முனிகிருஷ்ணனின் சட்டைப் பையில் கையை விட்டு அவனே எடுத்துக்கொண்டான்.

"பயந்தாங்கொள்ளிக்கெல்லாம் எதுக்குய்யா ஸ்டேரிங்கு?" என்று சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான். சித்தூர் லாரி ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முனிகிருஷ்ணனுக்குக் காது மடல் சுட்டது.

கன்னையா வேற்றாள் இல்லை. முனிகிருஷ்ணனின் மனைவி யசோதாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். புத்தூர் ரூட்டில் பஸ் ஓட்டுகிறவன். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கை கழுத்தில் தாலி கட்டிவிட்டான் என்ற கோபத்தில் முனிகிருஷ்ணனோடு பேச்சை விட்டு வருஷக்கணக்காகிறது. இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறான், அதுவும் இப்படி.

எல்லாம் அந்தச் சக்கர வீட்டால் வந்த வினை. ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சர்வேக்காரர்கள் தங்குவதற்கென்று கான்ட்ராக்டர் கோவர்த்தனன் பட்டாளத்துப் பழைய வண்டி ஒன்றை ஏலத்தில் எடுத்திருந்தார். உள்ளே கட்டில்கள், சமையல் மேடை, மேலே இரும்புக் கூரை, கீழே சக்கரம். எஞ்சின் கிடையாது, வேறு வண்டிதான் இழுக்க வேண்டும். அதைச் சத்தியவேட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றபோது, இழுக்கிற லாரி ரேணிகுண்டா ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப்போட்டுக் கிடந்தது. மிச்சம் இருந்தது முனிகிருஷ்ணன் ஓட்டும் சின்ன பிக்கப் ஒன்றுதான்.

முந்தின நாள் கோவர்த்தனன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏமய்யா, உன் வண்டி இழுக்குமா, இழுக்காதா?"

"இழுத்துடுங்க. நிறுத்தத்தான் முடியாது. அதுக்குன்னு தனியா பிரேக் இல்ல. புத்தூர் மலை எறக்கத்துல பின்னால இருக்கறது முன்னால இருக்கறத தள்ளிக்கினு போயிடும்."

லாரி வருகிறவரை பொறுக்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவர் காதில் ஏறவில்லை. காலையில் கட்டி ஓட்டு, இல்லாவிட்டால் சாவியை வைத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள் என்றுவிட்டார். யசோதாவுக்கு எட்டாம் மாதம். முனிகிருஷ்ணன் ஓட்டுகிறேன் என்று தலையாட்டினான். வீட்டுக்கு வந்து அவளிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டு, சோறும் வேண்டாம் என்று போர்த்திப் படுத்துக்கொண்டான்.

விடிந்து ஷெட்டுக்கு வந்தால், பஸ்ஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கன்னையா நிற்கிறான். தானே ஓட்டித் தருவதாகக் கான்ட்ராக்டரிடம் பேசி முடித்திருந்தான். இத்தனை வருஷக் கோபத்தையும் ஒரே நாளில், தன் வேலையில் கைவைத்துத் தீர்த்துக்கொள்கிறான் என்றுதான் முனிகிருஷ்ணனுக்குத் தோன்றியது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கிட்டே போய், இறக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடவாவது தானும் கூட வருகிறேன் என்றான்.

கன்னையா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ பக்கத்துல குந்திக்கினு நடுங்கனா எனக்கும் கை நடுங்கும். வேணாம்."

அதோடு விடவில்லை. ஏற்கெனவே வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்த கிளீனர் அப்பாவுவையும் இறங்கச் சொன்னான். அனுபவப்பட்ட பெரியவர், கூட இருந்தால் ஒத்தாசை என்று கான்ட்ராக்டரே சொல்லிப் பார்த்தார். எனக்கு ஒருத்தர் ஒத்தாசையும் தேவையில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டான். என்ன திமிர் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பியது. பின்பாரத்தில் பிக்கப்பின் முதுகு அமுங்கி, முகம் வானத்தைப் பார்த்தது. முன்சக்கரம் தரையில் சரியாகப் பதியவே இல்லை. தெருமுனையில் திரும்பும்போது சக்கர வீடு ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுப் போனது.

முனிகிருஷ்ணன் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தான். நடுரோட்டில் நின்று நாலு பேர் முன்னால் இவனும் அவமானப்படட்டும் என்று மனசுக்குள் கறுவினான். அதற்கு மேல் ஒன்றும் அவன் நினைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் புத்தூரிலிருந்து வந்த பஸ் டிரைவர் செங்கல்வராயன் செய்தி கொண்டுவந்தான். பாதி இறக்கத்தில் சக்கர வீடு முட்டித் தள்ள, பிக்கப் குறுக்கே திரும்பி, இரண்டும் சேர்ந்து பள்ளத்தில் உருண்டுவிட்டன. கன்னையாவை இரும்பை வளைத்துத்தான் வெளியே எடுத்தார்களாம்.

முனிகிருஷ்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போர்த்திய துணிக்கு வெளியே கால் இரண்டும் தெரிந்தன. கன்னையாவின் மனைவி சந்திரம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம்.

காலையில் தான் கறுவியது அவனுக்கு நினைவுக்கு வந்தது. அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னான்.

"அந்த வண்டி நிக்காதுக்கா. முன்னாடியே சொன்னேன், ஒருத்தரும் கேக்கல. மச்சானுக்குத் தெரியாம போச்சே."

சந்திரம்மா தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"தெரிஞ்சிக்கினுதான் தம்பி போனாரு. நேத்து யசோதா வந்து, ஒன் உசிரக் காப்பாத்தச் சொல்லி அவரு கால்ல விழுந்து அழுதா."