மேக வேஷம்

"அம்மா இல்லாத பிள்ளையை தினமும் அழ வெச்சு வேடிக்கை பார்க்கிறீங்களா மிஸ்?"

கதவைத் திறந்த வேகத்துல லிஃப்ட் மெக்கானிக் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கையில இருந்த கிரீஸைக்கூடத் துடைக்கல. செஞ்ச வேலையை அப்படியே போட்டுட்டு வந்திருக்கார்.

ரெண்டாம் வகுப்புல நாடக ஒத்திகை நடந்துக்கிட்டு இருந்துச்சு. காஞ்சு போன காடு. பதினோரு மரமும் தரையில சுருண்டு கிடக்கு. அதுல ஒரு மரம் எங்க வீட்டு வாண்டு, என் பேரன். அவனைக் கூட்டிட்டுப் போக தினமும் வந்து பின்பெஞ்சுல உக்காந்து பார்ப்பேன். நேத்து அவன் நிஜமாவே தூங்கிட்டான். மழை பெஞ்சு மத்த மரமெல்லாம் எழுந்து நிக்குது, இது மட்டும் குறட்டை விடுது. இவங்கப்பனும் இப்படித்தான், சின்னதுல காவல்காரன் வேஷம் போட்டு, ராஜாவைக் குத்த வர்ற நேரம் பார்த்து சிம்மாசனத்துல சாஞ்சு... சரி, அது இப்ப எதுக்கு.

நடுவுல ஸ்டூல் மேல மேகம் நிக்குது. அதான் மெக்கானிக்கோட பொண்ணு. ஆளு இத்துனூண்டு, அதனால எல்லாருக்கும் மிளகு. பழைய பெட்ஷீட்ல பஞ்சு ஒட்டின வேஷம். மேகம் அழுதாத்தான் மழை, மழை பெஞ்சாத்தான் மரம் எழுந்திரிக்கும். அவ்வளவுதான் கதை.

ஆனா அவ அழறது நடிப்பு இல்லைன்னு பார்க்கிற யாருக்கும் தெரியும். மூக்கு ஒழுகுது, தேம்பித் தேம்பி மூச்சு வாங்குது. அம்மா போய் நாலு மாசம்தான் ஆகுது.

இந்த மிஸ்ஸுக்கு நெஞ்சுல கொஞ்சமாவது ஈரம் இருக்கான்னு எனக்கே பத்திக்கிட்டு வந்துச்சு. காலையில எங்க கட்டடத்து லிஃப்ட்டைப் பார்க்க வந்தவர்கிட்ட போட்டுக் கொடுத்ததே நான்தான். ஒரு வாரமா நின்னு போன லிஃப்ட். என் முழங்கால் பட்ட பாடு தனிக் கதை.

"அவங்கம்மா செத்த முதல் நாள் அழுதா. அதுக்கப்புறம் வீட்ல ஒரு சொட்டு கண்ணீர் விட்டதில்ல மிஸ். நான் அப்படிப் பார்த்துக்கறேன். நீங்க என்னடான்னா கூப்பிட்டு ஸ்டூல்ல ஏத்தி அழ விடுறீங்க."

நாடக மிஸ் சின்னப் பொண்ணு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகல. முகம் வெளுத்துப் போச்சு. மிளகைத் திரும்பிப் பார்த்தாங்க. மிளகு தலையைக் குனிஞ்சுக்கிச்சு.

"தப்புதான் சார். வேஷத்தை மாத்திடறேன்."

"மாத்தறது அப்புறம். ஏன் கொடுத்தீங்க? முப்பது பிள்ளையில உங்களுக்கு இவதான் கிடைச்சாளா?"

மிஸ் வாயே திறக்கல. பதில் சொல்ல ஒண்ணும் இல்லன்னா அப்படித்தானே நிப்பாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

தரையில கிடந்த ஒரு மரம் தலையைத் தூக்குச்சு. "மிஸ், மழை வருமா வராதா? எனக்கு முதுகு அரிக்குது."

வேற யாரு, எங்க வாண்டுதான். பின்பெஞ்சுல இருந்தே கண்ணை உருட்டினேன். மரம் படுத்துக்கிச்சு.

சத்தம் கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துட்டாங்க. மூக்குக் கண்ணாடியை இறக்கி, செவுத்துல ஒட்டியிருந்த லிஸ்டைப் பார்த்தாங்க.

"நான் கையெழுத்து போட்டப்போ இந்தப் பொண்ணுக்கு சூரியன் வேஷம்தானே?"

"ஆமா மேடம்."

"யாரு மாத்தினது?"

"நான்தான் மேடம்."

"யாரைக் கேட்டு?"

மிஸ் மறுபடியும் மிளகைத்தான் பார்த்தாங்க.

"பெத்தவர் இவ்வளவு கேக்கிறார். ஒரு காரணம்கூட சொல்ல முடியலையா உங்களால?"

"இல்ல மேடம்."

"அப்போ நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம். பையை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு வாங்க."

மெக்கானிக்கே கொஞ்சம் ஆடிப் போயிட்டார். இவ்வளவு தூரம் போகும்னு அவர் நினைக்கல. நானும்தான்.

மிஸ் பையை எடுத்தாங்க. ஜிப்பு போட வரல.

"மிஸ் மேல தப்பில்ல."

சன்னமா ஒரு குரல். ஸ்டூல் மேலேருந்து.

"நான்தான் கேட்டேன். மிஸ் வேணாம் வேணாம்னு சொன்னாங்க. மூணு நாள் கெஞ்சினேன். அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்."

மிஸ் பையை மாருல அணைச்சபடி அப்படியே நின்னுட்டாங்க. அவங்க கண்ணு ரெண்டும் நிறைஞ்சு போச்சு.

மெக்கானிக் ஸ்டூல்கிட்ட போய் மண்டி போட்டார். கிரீஸ் கை. பிள்ளையைத் தொடவா வேண்டாமான்னு அந்தரத்துல நிக்குது.

"ஏன் தங்கம்? சூரியன் நல்லா இருக்குமேடா. மஞ்சள் சட்டை, தலையில ஜிகினா. அதை விட்டுட்டு இது எதுக்கு?"

மிளகு பெட்ஷீட் நுனியில மூக்கைத் துடைச்சுக்கிச்சு.

"அம்மா போன அன்னிக்கு வீட்ல நான் அழுதேன், நீங்க ரெண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. இங்க நான் அழுதா, விழுந்து கிடக்கிற எல்லாரும் எழுந்து நிக்கிறாங்கப்பா."