வெள்ளை இறகு

"என்னங்க இது? ரெண்டு இறகு பச்சை, ஒண்ணு வெள்ளை. செவப்பு எங்க?"

ஜெயப்ரியா அம்பைத் தூக்கிக் காட்டினாள். தேவா நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த சவுக்குக் குச்சியில் வான்கோழி இறகை ஒட்டி, பசை இறுகும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான்.

"செவப்புச் சாயம் முக்கல."

"ஏன்?"

"முக்கல, அவ்ளோதான்."

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய காலி மனையில் ஞாயிறுதோறும் ஜெயப்ரியா வில்வித்தை வகுப்பு எடுக்கிறாள். புதிதாய்க் கற்க வருபவர்களுக்கு மர அம்பு. அதைச் செய்து தருவது அவள் கணவன் தேவா. உப்புக் காற்றில் பழைய அம்புகளின் பசை விட்டு, இறகெல்லாம் கொட்டிப்போயிருந்தது. நாளைக்கு வகுப்பைப் பார்க்க, கற்பவர்களின் வீட்டு ஆட்கள் எல்லோரும் வருகிறார்கள்.

"செவப்பு இறகுதானே அடையாளம்? அது வெளிப்பக்கம் இருக்கணும், மாத்தி வச்சா வில்லுல உரசி அம்பு கோணிக்கிட்டுப் போவும்னு தொண்டை வத்தக் கத்தியிருக்கேன். இப்ப வந்து வெள்ளைன்னா?"

"இனிமே வெள்ளைன்னு சொல்லிக்குடு."

"சொன்னா மட்டும்? அந்த சடையப்பன் அண்ணா எப்பவும் மாத்திதான் வைக்கப் போறாரு. கவனமே இல்ல மனுஷனுக்கு. நாளைக்கு அவரை உக்காந்து வேடிக்கை பாக்கச் சொல்லிடப் போறேன்."

சடையப்பன் உப்பு மூட்டை தூக்குகிறவர். மகள் செந்தமிழுக்குத் துணையாக வந்து நின்றவரை, "நீங்களும் கத்துக்குங்கப்பா" என்று அவள்தான் இழுத்து விட்டாள். அவர் விட்ட அம்பெல்லாம் பக்கத்து உப்புப் பாத்தியில்தான் போய் விழும். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் திரும்பிப் போகும்போது மகளின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"அவரும் விடட்டும், ஜெயா" என்றான் தேவா.

"சாயம் முக்கவே சோம்பேறித்தனம். இதுல சிபாரிசு வேற!"

மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. "இன்னிக்கு வெள்ளை இறகு வெளிப்பக்கம்!" என்று ஜெயப்ரியா வேண்டாவெறுப்பாக அறிவித்தாள்.

சடையப்பன் முறை வந்தது.

"அண்ணா, பாத்தி காலியாத்தான் இருக்குது, தைரியமா விடுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

அவர் அம்பைப் பார்த்தார். திருப்பினார். நாணில் பூட்டி இழுத்தார்.

தொப்!

வைக்கோல் பலகையின் நடுவட்டத்துக்குப் பக்கத்தில் அம்பு ஆடிக்கொண்டு நின்றது. அடுத்த அம்பும் பலகையில்தான். கூட்டம் விசிலடித்தது.

"தமிழு! பாத்தியா?" சடையப்பன் வில்லைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குதித்தார். அப்புறம் பலகையிலிருந்து அம்பைப் பிடுங்க ஓடினார்.

ஜெயப்ரியாவுக்கு ஒரே பெருமை. "என் கோச்சிங் எப்படி?" என்று தேவாவை இடித்தாள். "ஆனா ஒண்ணு. அடுத்த வாரத்துக்குள்ள செவப்பு வந்தாகணும். நீங்க முக்க வேணாம், நானே முக்கிக்கறேன்."

"வேணாம் மிஸ்!"

பக்கத்தில் செந்தமிழ். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஏன்டி?"

அவள் அப்பா தூரத்தில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். தோளில் கிடந்த துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக் காட்டினாள்.

"இது என்ன கலர் மிஸ்?"

"பச்சை. ஏன்?"

"பொறந்தநாளுக்குச் செவப்பு துப்பட்டா கேட்டேன். அப்பா இதை வாங்கியாந்து, 'நீ கேட்ட செவப்புதானே?'ன்னாரு. ஆமாப்பான்னு சொல்லிட்டேன்."

ஜெயப்ரியா கையிலிருந்த அம்பைப் பார்த்தாள். பச்சை, பச்சை, வெள்ளை.

"அவரு யாருகிட்டயும் காட்டிக்க மாட்டாரு மிஸ். நான்தான் தேவா சார்கிட்ட போயி, அப்பாவைப் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்கன்னு அழுதேன். மிஸ்கிட்ட கூட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டேன்."

ஜெயப்ரியா திரும்பினாள். தேவா ரொம்ப அக்கறையாக ஒரு நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் சடையப்பன் அம்புகளோடு வந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை, பல்லெல்லாம் சிரிப்பு.

"என்ன மேடம், ரெண்டு பேரும் என்னைய வச்சி ஏதோ ரகசியம் பேசற மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல அண்ணா" என்றாள் ஜெயப்ரியா. "இவ்ளோ அழகான செவப்பு துப்பட்டா எந்தக் கடையில எடுத்தீங்கன்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."