அடக்கிய மூச்சு

மாலை நாலு மணி வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கட்டில்மேல் சாய்த்துப் போட்டிருக்கிறது. ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் பட்டாளத்தார் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி உட்கார்ந்திருக்கிறார். ராணுவ ஆஸ்பத்திரியின் காசநோய் வார்டில் பழகிய பழக்கம் அது. யாராவது பக்கத்தில் வந்தால் முகம் தானாகத் திரும்பிக்கொள்ளும். நோய் குணமாகி இருபத்தாறு வருடமாகிறது. கிருமி இல்லை என்று போன வாரமும் டாக்டர் சொன்னார். இடது நுரையீரல் மட்டும் தழும்பேறிச் சுருங்கிக் கிடக்கிறதாம். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே துணி கிழிபடுவதுபோல் ஒரு சத்தம். கதவருகில் நிற்கும் மனைவிக்கு அந்தச் சத்தம் கேட்காவிட்டால்தான் பயம். மகள் தன் ஒரு மாதக் குழந்தையை அவர்முன் நீட்டுகிறாள். "என்னைத்தான் ஒரு நாளும் தூக்கல. இவளையாவது தூக்குங்கப்பா. கடிக்க மாட்டா, இன்னும் பல்லு முளைக்கல." "உங்கம்மாகிட்ட குடும்மா." "அதான் டாக்டரே சொல்லிட்டாரே, வாங்குங்க," என்கிறாள் மனைவி. அவர் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். குழந்தை மடிக்கு வந்த நொடியில் அந்தச் சத்தம் நின்றுபோகிறது. மனைவி கதவை விட்டு ஓரடி முன்னால் வருகிறாள். பிறகுதான் புரிகிறது, மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது, கண்ணில் நீர் கட்டுகிறது. பார்வை மட்டும் குழந்தையை விட்டு நகரவில்லை. மகள் சிரிக்கிறாள். "பாரும்மா, அப்பா அழறாரு." "மூச்ச விடுங்க!" என்று மனைவி கத்திவிடுகிறாள். அடக்கியதெல்லாம் ஒரே இளைப்பாக வெளியே வருகிறது. குழந்தையின் நெற்றி மயிர் அசைகிறது. செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போல் அவர் மனைவியை நிமிர்ந்து பார்க்கிறார். குழந்தை வாய் திறந்து ஒரு கொட்டாவி விட்டு, அந்த மூச்சையே உள்ளே இழுத்துக்கொண்டு தூங்குகிறது.