நீல லாரி

சைபீரியாவில், உறைந்த லேனா ஆற்றின் பனிக்கட்டிப் பாதையில் லாரி ஓட்டும் டிரைவர்கள் சாப்பிடும் கடை அது. கடைக்கார வர்வாரா, இளம் டிரைவர் எர்ச்சிமின் முன்னால் குதிரைக்கறி சூப்பை வைத்தாள்.

"வாசல்ல நிக்கிற நீல லாரி உன்னுதுதானே தம்பி?"

"ஆமாக்கா."

"என் புருஷனை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, பேர்கூடச் சொல்லாமப் போயிட்டியே! மூணு நாளா 'நீல லாரி, நீல லாரி'ன்னுதான் புலம்பறாரு."

எர்ச்சிம் தலைகுனிந்தான். "அதெல்லாம் வேண்டாம்கா..."

"எவ்வளவு அடக்கம் பாருங்கடா!" என்றார் பக்கத்து மேசை டிரைவர்.

வர்வாரா அந்த டிரைவரிடம் சொன்னாள்: "மைனஸ் ஐம்பது டிகிரி குளிருல அவர் வண்டி நின்னுபோச்சு. இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா உயிரே போயிருக்குமாம். நாலு விரலோட போச்சு."

"விரல் போயிடுச்சா?" என்றான் எர்ச்சிம்.

"போனாப் போகட்டும், ஆள் இருக்காரே. சாப்பிடு, ஆறிடும்."

அவன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தான்.

"அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யாருன்னு எனக்குத் தெரியாதுக்கா. நடுப்பாதையில நின்னு ரெண்டு கையையும் ஆட்டினாரு. நான் பாத்தேன். சரக்கு லேட்டாயிடும்னு நிறுத்தாமப் போனேன். அவர் புலம்பறது அந்த நீல லாரியைத்தான்."

வர்வாரா, அவன் வெளியே போக வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.