பாட்டுக்கு உரித்துக்காரர்

அப்புத்துரை அங்கிள் படிவத்தை வாங்கினார், வாசித்தார், திருப்பி என் கையிலேயே தந்தார்.

“இது ஏலாது பிள்ளை.”

நாளைக் காலை பத்து மணிக்குள் கையெழுத்துப் போட்ட படிவம் ஊர்காவற்றுறையில் குறும்படப் போட்டிக்காரர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் குறும்படத்தில் அந்தப் பாட்டு இருக்கக் கூடாதாம். பாட்டை எடுத்தால், பெயர்கள் ஓடும் எழுத்தோட்டத்தில் சசிகரனின் பெயரையும் எடுக்க வேண்டும். அது நடக்கக் கூடாது என்றுதான் நானும் நிலாந்தினியும் அனலைதீவுக்குப் படகேறினோம். நான் இரண்டு தரம் சத்தியெடுத்தேன். அவள் வழி முழுக்க வாய் திறக்கவில்லை.

பாட்டைக் கட்டியவன் சசிகரன். எங்கள் வகுப்பு. மேசையில் தாளம் தட்டிப் பாடி, போனில் பதிந்து, எங்கள் எல்லோருக்கும் அனுப்பியவன். போன மாசியில் டெங்குக் காய்ச்சல். நாலே நாள்தான்.

போட்டி நடத்துகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ‘பாடலை இயற்றியவர் இறந்திருப்பின் உரித்தாளர் கையொப்பமிடுக’ என்று அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். நானும், மூளை கழன்றவள், அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, அவனைப் பெற்ற தகப்பனிடம் நீட்டியிருக்கிறேன்.

அங்கிள் கதிரையில் இருந்தார். புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவர், காலில் சேறு இன்னும் காயவில்லை.

“எனக்குக் கொள்ளி வைக்க வேண்டிய உரித்துக்காரன் அவன். நான் அவனுக்கு உரித்துக்காரனோ?”

நிலாந்தினி வழக்கம்போல மரம் மாதிரி நின்றாள். செத்த வீட்டிலும் இப்படித்தான். நாங்கள் பெட்டைகள் எல்லாம் குழறி அழுதபோது, இவள் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் வந்தாள், பூவைப் போட்டாள், போய்விட்டாள். ‘கல்நெஞ்சுக்காரி’ என்று அன்றைக்கே முகத்துக்கு நேரே ஏசினேன்.

“வா, போவம்” என்று அவள் என் கையை இழுத்தாள்.

“பொறுங்கோ” என்றார் அங்கிள். படிவத்தையும் பேனையையும் கேட்டு வாங்கினார். ‘பாடலின் பெயர்’ என்ற இடத்தில் நான் ‘பெயரில்லை’ என்று எழுதியிருந்தேன். அதை வெட்டினார். பக்கத்தில் ‘நிலாந்தினி’ என்று எழுதினார்.

அட கடவுளே, மனுசன் துக்கத்தில் இடம் மாறி எழுதுகிறார்!

“அங்கிள், அது பாட்டின்ரை பேர் எழுதிற இடம்.”

“ஓம் பிள்ளை. அவன்ரை போனிலை அந்தப் பாட்டுக்கு இந்தப் பேர்தான் கிடக்கு.”

நான் திரும்பிப் பார்த்தேன். நிலாந்தினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் குலுங்கியது.

கள்ளி! ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம், என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவளைக் கட்டிப்பிடித்தேன். ஒரு வருசமாக இவள் எங்கே போய் அழுதாளோ, பாவி.

அங்கிள் எங்களைப் பார்க்கவில்லை. குனிந்தபடி எழுதிக்கொண்டே போனார்.

உரித்தாளர்: நிலாந்தினி.

உறவுமுறை: மருமகள்.

எழுதி முடித்து, படிவத்தை அவளிடம் நீட்டினார்.

அங்கே கேட்டிருப்பது இறந்தவருக்கு என்ன முறை என்று. அங்கிள் தனக்கு என்ன முறை என்று எழுதிவிட்டார். இப்படியே கொடுத்தால் பிழையென்று திருப்பிவிடுவார்கள். பாட்டும் போகும், அவன் பெயரும் போகும். அந்த ஒரு சொல்லை வெட்டி மாற்றினால் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

நிலாந்தினி என் காலை நன்றாக மிதித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, அந்தச் சொல்லுக்குக் கீழே கையெழுத்து வைத்தாள். பிறகு பேனையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“திகதியை நீங்கள் போடுங்கோ, மாமா.”