புது டப்பா

"பத்து நிமிஷத்துல டர்பைன் ஓடும் மேடம்!"

சர்க்கரை ஆலை இன்ஜினியர் சன்யாசி ராவ், கன்ட்ரோல் பேனலிலிருந்து பழுதான எலக்ட்ரானிக் கார்டைக் கழற்றினார். ஸ்டோரிலிருந்து வந்த டப்பாவைப் பிரித்துப் புது கார்டை மாட்டி, அதன் ஜம்பர் இணைப்புகளைப் பழையபடியே வைத்தார்.

மறுபடியும் சிவப்பு விளக்கு.

"கரும்பு லாரி வரிசை அனகாபல்லி ஊர் வரைக்கும் நிக்குது," என்றார் மேனேஜர் சத்தியவதி.

கார்டை உருவி, அதன் பின்பக்கம் கருகியிருப்பதைப் பார்த்த ராவ் கத்தினார். "இது ஏற்கெனவே கெட்டுப்போன கார்டு! போன சீசன்ல எவனோ புதுசை மாட்டிட்டு, கெட்டதை அதே டப்பாவுல போட்டு வச்சிருக்கான். அவனை இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்குங்க மேடம்!"

சத்தியவதி டப்பாவின் அடியில் கிடந்த சீட்டை எடுத்துப் படித்தார். "கெட்ட கார்டு. நாளைக்கு ரிப்பேருக்கு அனுப்பணும். இப்படிக்கு, சன்யாசி ராவ்."

சீட்டை மடித்தார்.

"சொல்லுங்க ராவ்காரு, முதல்ல எதை மாத்தலாம்? கார்டையா, ஆளையா?"