எல்லையில் நின்ற வண்டி

சாகக் கிடக்கிற மனுஷனைப் பின்னால் படுக்க வைத்துவிட்டு, செபாஸ்தியான் பானெட்டைத் தூக்கி டீசல் பைப்பை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, சீக்கிரம்ண்ணே..." புருஷன் கலியபெருமாளின் தலையை மடியில் தாங்கியபடி மங்கை கெஞ்சினாள்.

"லைன்ல ஏர் புடிச்சிக்கிச்சும்மா. அதை எடுக்காம வண்டி நகராது. நான் இன்னா, சும்மாவா நிக்கிறேன்?" என்று எரிந்து விழுந்தான்.

எரிச்சல் உண்மையில் அவன் மேலேயேதான். அது பட்டாளத்து ஏலத்தில் வந்த பழைய பிக்கப். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று முதலாளி அதில் டீசல் இன்ஜினை வைத்த நாளிலிருந்து தினம் ஒரு சீக்கு. பைப் மூட்டில் வாஷர் தேய்ந்து காற்று இழுக்கிறது என்று போன மாசமே அவனுக்குத் தெரியும். நாளைக்கு மாற்றலாம், நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிப்போட்டான். அந்தச் சோம்பேறித்தனம் இன்றைக்கு அனந்தபுரம் தாண்டி, தூறலில், நடுரோட்டில் கழுத்தை அறுத்தது.

ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். "வூட்டுக்குப் போயிடணும்" என்பதைத் தவிர கலியபெருமாள் காலையிலிருந்து வேறு பேசவில்லை.

காரணம் இருந்தது. சிங்கவரத்தில் அவர்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு. வெளியில் உயிர் போனால் பிணம் ஊருக்குள் வரக்கூடாது. எல்லையிலிருந்து நேரே சுடுகாடுதான். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமும் இல்லை. ஆக, வீட்டில் காத்திருக்கும் இரண்டு பெண் பிள்ளைகளும் தகப்பன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கக்கூட முடியாது.

செபாஸ்தியான் நட்டைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்தான். நுரை நின்று டீசல் சுத்தமாக வந்ததும் முறுக்கிவிட்டு செல்ஃபை அழுத்தினான். வண்டி கரும்புகையைக் கக்கிக்கொண்டு உதறி எழுந்தது.

"போலாம்மா!" என்று பின்னால் ஓடினான்.

மங்கை தலையைத் தூக்கவில்லை. "அண்ணே... இப்பத்தாண்ணே..."

செபாஸ்தியான் சிலுவை போட்டுக்கொண்டான். பாவி, ஒரு வாஷர்! ஒரு வாஷரை மாற்றியிருந்தால் இந்நேரம் அந்த மனுஷன் தன் வீட்டில் இருந்திருப்பான்.

"அழாத தங்கச்சி. அழுதா காரியம் கெட்டுடும். தூறலுக்கு மூடுற மாதிரி முந்தானைய அவரு மூஞ்சி மேல போத்தி வுடு. யார் கேட்டாலும் உயிர் இருக்குதுன்னு சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

செஞ்சியைத் தாண்டும்போது கோட்டை மலையே தெரியவில்லை. அப்படி ஒரு மூட்டம்.

ஆஸ்பத்திரியில் கைவிட்ட சேதி கேட்டு சிங்கவரம் எல்லையில் கூட்டம் நின்றது. முன்னால் தெரு நாட்டாமை பச்சைமுத்து. கட்டு என்று வந்துவிட்டால் ஈவு இரக்கம் பார்க்காத ஆள். போதாததற்கு, போன வருஷத் திருவிழாத் தகராறிலிருந்து அவருக்கும் கலியபெருமாளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"இன்ஜினை நிறுத்து," என்றார் பச்சைமுத்து.

"நிறுத்துனா கெளம்பாது. செல்ஃப் போச்சு."

"நிறுத்துன்றேன். மூச்சு இருக்குதான்னு பாக்கணும்."

"உங்க ஊர்க் கட்டுக்காக நான் வண்டியத் தள்ளிக்கினு நிக்க முடியாது. பாக்கறதுன்னா ஏறிப் பாரும்!"

கூட்டம் கொதித்தது. "பெரியவங்ககிட்ட பேசற பேச்சாடா இது? டிரைவருன்னா கொம்பா மொளச்சிருக்குது?"

செபாஸ்தியான் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தான். வண்டி முழுக்கக் குலுங்கியது. அந்தக் குலுக்கலில் கலியபெருமாளின் மார்பு போர்வைக்கடியில் ஏறி இறங்கியது. அவனுக்கு வேண்டியது அதுதான். அதற்காக எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

பச்சைமுத்து சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினார். முந்தானைக்கடியில் கையை விட்டு, முகத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். செபாஸ்தியான் தனக்குத் தெரிந்த மாதாவையெல்லாம் கூப்பிட்டான்.

கிழவர் கையை எடுத்தார்.

"மூச்சு இருக்குது. வழி வுடுங்கடா."

வண்டி வீட்டு வாசலுக்கே போயிற்று. நாலு பேர் பிடித்து உள்ளே கிடத்தினார்கள். இரண்டு பெண்களும் அப்பன் கன்னத்தைத் தடவித் தடவி அழுதார்கள். சற்றுப் பொறுத்து மங்கை வாய்விட்டு அலறினாள். 'இப்பத்தான் போச்சு' என்று தெருவெல்லாம் செய்தி பரவியது. பச்சைமுத்து வாசலில் நின்றபடி பந்தல் போட ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

செபாஸ்தியானுக்கு நெஞ்சில் பாரம் இருந்தது. இருந்தாலும் அதற்கு நடுவில் ஒரு சின்ன இறுமாப்பு. ஊரையே ஆட்டிவைக்கிற கிழவனை ஓர் ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு ஏமாற்றிவிட்டான் அல்லவா!

வண்டியில் விட்டுப்போன துணி மூட்டையைக் கொண்டுபோய் மங்கையிடம் வைத்துவிட்டு, யார் காதிலும் விழாமல் குனிந்து சொன்னான்.

"கவலப்படாத தங்கச்சி. ஒருத்தருக்கும் தெரியாது. இன்ஜின் ஆட்டத்தப் போயி மூச்சுன்னு நெனச்சிட்டாரு, அந்த ஈரமில்லாத மனுஷன்."

மங்கை வாசல் பக்கம் பார்த்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அவரு மூச்சே பாக்கலண்ணே. தெறந்திருந்த கண்ண மூட எனக்கு மனசு வரல... அவருதான் மூடி வுட்டாரு."